மஞ்சள் ஏறிய குழி

தன் ரத்தமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று தங்கத்தாயிடம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், "போங்க அண்ணாச்சி, போய்ச் சோலியைப் பாருங்க" என்று சிரித்திருப்பாள். ஆனால் எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி பிறந்த மறுநாள், தென்காசியில், பட்டப்பகலில், அதுதான் நடந்தது.

கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து மெட்ராஸ் ஆராய்ச்சிக்காரர்கள் சின்னதாய் ஒரு லேப் வைத்திருந்தார்கள். குற்றால சீசனில் இந்தப் பக்கத்துக் கைப்பிள்ளைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் எந்தக் கிருமியால் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அது. தங்கத்தாய் அங்கே டெக்னீஷியன். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் ரத்தம் எடுப்பதும், எடுத்ததைத் தெளியவைத்துச் சோதிப்பதும் அவள் வேலை.

சோதனை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. பல்லாங்குழிப் பலகையைப் பொடியாகச் செய்தாற்போல ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் அவர்கள் சந்தேகப்பட்ட ஒரு வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். வைரஸ் அல்ல, அதன் மேல்தோலில் இருக்கும் ஒரே ஒரு புரதம். அதையும் வைரஸிடமிருந்து எடுக்கவில்லை. முன்னெல்லாம் உயிருள்ள வைரஸையே வளர்த்துப் பயந்து பயந்து செய்த காரியத்துக்கு, இப்போது அந்தப் புரதத்தின் மரபணுவை மட்டும் பிரித்து, ஏதோ பூச்சியின் உயிரணுவுக்குள் வைத்து, லேபிலேயே புரதத்தை விளைவித்துவிடுகிறார்கள். "திருடன் வேண்டாம், திருடனோட சட்டை போதும். அதை நாமளே தைச்சுக்கிட்டோம்" என்று டாக்டர் ராமசேஷன் முதல் நாள் பாடம் எடுத்தபோது சொன்னார். எந்த ரத்தம் அந்தத் திருடனை ஏற்கனவே பார்த்திருக்கிறதோ, அந்த ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் சட்டையைக் கண்டதும் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். பிடித்த குழியில் கடைசியாக ஊற்றும் மருந்து மஞ்சளாகும். பிடி எவ்வளவு பலமோ அவ்வளவு மஞ்சள்.

தட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தெரிந்த ரத்தம் ஒன்றைக் கூடவே வைப்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் சின்ன வயசில் ஒரு தடவையாவது அந்தக் கிருமியிடம் அடிபட்டவர்கள்தான் என்பதால் லேப் ஆட்களின் ரத்தமே அதற்குப் போதும். வைகாசியில் எடுத்த தங்கத்தாயின் சீரம்தான், அதாவது தெளியவைத்த ரத்தநீர்தான், அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. அது தீரப்போகிறது என்று கூட வேலை பார்க்கும் ஜாஹிரா பீவி தங்கத்தாயிடமிருந்தே புதிதாக ரத்தம் எடுத்துக்கொடுத்தாள். மறுநாள் பழையதையும் புதியதையும் தங்கத்தாய் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வைத்தாள்.

பழைய குழி எலுமிச்சம்பழச் சாறு மாதிரி வெளிறிக் கிடந்தது. புதிய குழி மஞ்சள் கிழங்கை அரைத்து ஊற்றினாற்போல ஏறிக்கொண்டே போயிற்று.

ஜாஹிரா பீவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "ஏ தங்கம், ஒனக்கு இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்கு பாத்துக்கோ! ஆனியில லொக்கு லொக்குன்னு இருந்தேல்லா, அதுதான் இது." சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டாள். அவளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

தங்கத்தாய் அந்த இரண்டு குழியையும் மறுபடி குனிந்து பார்த்தாள். வெளியே கோபுர வேலைக்காரர்கள் கல்லைத் தட்டும் சத்தம் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் விழுந்தது. அவள் தம்பி பிள்ளை செத்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை.

தம்பி சங்கிலிப்பாண்டிக்குப் பாவூர்சத்திரத்தில் வீடு. காய்கறிச் சந்தைக்குச் சரக்கு ஏற்றும் டெம்போ வைத்திருந்தான். அக்காளுக்குச் செவ்வாய் தோஷம் என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போக, கடைசியில் தம்பிக்கே முதலில் முடித்துவிட்டார்கள். கீழப்பாவூர்ப் பெண், மாடத்தி. கூப்பிடு தூரத்தில் பிறந்த வீடு. கல்யாணமாகி மூன்று வருஷம் வயிறு திறக்கவில்லை. குற்றாலத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டு பிறந்தது ஒரு பெண் பிள்ளை. ஆகையால் அம்மன் பேரையே வைத்தார்கள், குழல்வாய்மொழி. கைக்கடக்கமான பிள்ளைக்கு அம்புட்டு நீளப் பேர்!

அந்தப் பிள்ளைக்குச் சேனை வைத்தவள் தங்கத்தாய். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். "மைனி வைக்கட்டும். அவுகள மாதிரிப் படிக்கட்டும்" என்று பிள்ளைபெற்ற படுக்கையிலிருந்தே மாடத்தி சொன்னாள். தனக்கென்று ஒன்று இல்லாத தங்கத்தாய்க்கு அதற்குப்பிறகு ஊருக்குப் போவதென்றால் அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போவதுதான்.

ஆனி மாசம் அவளுக்குச் சளி பிடித்தது. லேபில் ஒரு கண்டிப்பு உண்டு, இருமல் உள்ளவர்கள் வேலைக்கு வரக்கூடாது. "ஊர்க் குழந்தைகளுக்கு நாமளே கொண்டுபோய்க் கொடுத்துடக் கூடாதும்மா. குணமாகிற வரைக்கும் வீட்டுக்குப் போ" என்றார் டாக்டர். தென்காசியில் அவள் தங்கியிருந்த அறையை நினைத்துத்தான் அவர் சொன்னார். அவள் காதில் 'வீடு' என்பது பாவூர்சத்திரமாக விழுந்தது. லீவு கிடைத்த சந்தோஷத்தில் கிலுகிலுப்பை ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எந்தச் சளிக்காக ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து அவளை விலக்கினார்களோ, அந்தச் சளியோடு சொந்தப் பிள்ளையின் தொட்டிலுக்குப் போனாள். ஊருக்கு உபதேசம் சொல்லித் திரிகிறவளுக்கு இது உறைக்கவில்லை. பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். அவளுக்கும் அது வெறும் ஜலதோஷமாகத்தான் இருந்தது.

போன மறுநாள் காலையில் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். மாடத்தி வெந்நீரை விளாவிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"மைனி, நான் குளிப்பாட்டட்டுமா? ஒங்களுக்குத் தொண்டை கட்டியிருக்குல்லா" என்றாள்.

"ஏட்டி, எனக்குத் தெரியாததா? நான் பாக்குத சோலியே அதுதான்" என்று தங்கத்தாய் சிரித்தாள். மாடத்தி எட்டாவதோடு நின்றவள். அதற்குமேல் பேசவில்லை.

தண்ணீர் ஊற்றி முடித்ததும், எல்லா வீட்டிலும் செய்வதுபோல, பிள்ளையின் முகத்தைத் துடைத்து, மூக்கில் தண்ணீர் நிற்காமலிருக்க இரண்டு துவாரத்திலும் வாய் வைத்து ஊதினாள். காதில் ஊதினாள். பிள்ளை கூசிக்கொண்டு சிரித்தது. அது சிரிக்கிறதே என்று இன்னொரு தடவை ஊதினாள். லீவு முடியும் வரை தினமும் அவள்தான் குளிப்பாட்டினாள்.

அவள் போன ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நேர்ச்சைக்காகப் பிள்ளையைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏழாம் மாசம் மொட்டை போட்டு, அருவித் தண்ணீரைத் தலையில் தெளிப்பதாக மாடத்தி வேண்டியிருந்தாள். மலை முழுக்க மேகம். சாரல் ஊசி ஊசியாக விழுந்தது. "சாரல்ல வேண்டாம், வெயிலடிக்கட்டும்" என்று மாமியார் சொன்னதும், "சாமிக்குச் சொன்ன நாள் தட்டக் கூடாது அத்தே" என்று மாடத்தி பிடிவாதம் பிடித்ததும் உண்மைதான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, அருவித் தண்ணீரை ஒரு கை அள்ளித் தெளித்தாள். மறுநாள் விடியும்போது பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்புறம் மூச்சு இழுத்தது. விலாவெலும்பு உள்ளே போய்ப்போய் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர்களும் முட்டி மோதித்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளை போய்விட்டது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஊர் முழுக்க ஒரே பேச்சு. "மாமியா தலைதலையா அடிச்சுக்கிட்டா, கேட்டாளா? பச்சைப் பிள்ளையை அருவியில முக்கிக் கொன்னுட்டாளே." கை அள்ளித் தெளித்த தண்ணீர், முக்கியதாக ஆகிவிட்டது. காரியம் முடிந்த கையோடு மாடத்தியைக் கீழப்பாவூரில் கொண்டுபோய் விட்டார்கள். கேட்டவர்களிடம், "ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கா" என்று தங்கத்தாயின் அம்மா சொன்னாள். நாலு வருஷத்துப் பெண்டாட்டி, தலை ஆடிக்குப் போன புதுப்பெண்ணாம்! ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் பெரியவர்களை வைத்து அவள் உறவைத் தீர்த்துவிட்டு மகனுக்கு வேறே இடம் பார்ப்பது என்பது அம்மாவின் கணக்கு. தங்கத்தாய்க்கு அது தெரியும். ஆடியில் யாரும் நல்ல காரியம் பேசமாட்டார்கள் என்பதால் ஒரு மாசம் கைவசம் இருந்தது.

டாக்டர் ராமசேஷன் மறுநாள் தட்டைப் பார்த்துவிட்டு முதலில் குதித்தேவிட்டார். "பிரமாதம்! நோய்க்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஒரே ஆள். புரதம் எவ்வளவு நன்னா வேலை செய்யறது பார். இதைவிட நல்ல ஜோடி நமக்குக் கிடைக்காது."

"சார், அருவியில குளிச்சா மறுநாளே இந்தக் காய்ச்சல் வருமா?" என்று கேட்டாள் தங்கத்தாய்.

"வராது. கிருமி உள்ளே போய் நாலைஞ்சு நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். குளிருக்கும் இதுக்கும்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிள்ளை செத்தது அவருக்குத் தெரியும். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த லீவிலே நீ ஊருக்கா போனே?"

தலையை ஆட்டினாள்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "நீதான்னு இந்தத் தட்டு சொல்லலை. உனக்கு வந்துட்டுப் போச்சுன்னுதான் சொல்றது. டெம்போவுக்கு ஆள் வந்துபோற வீடு, யார்கிட்டேயிருந்து வேணுமானாலும் வந்திருக்கலாம்" என்றார்.

"ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு எடுத்த ரத்தத்தைச் சோதிச்சா?"

"அதிலே ஒண்ணும் இருக்காது தங்கத்தாய். எதிர்ப்பொருள் உண்டாகறதுக்கு நாள் வேணும். இந்தச் சோதனை பிழைச்சவாளைத்தான் காட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "வீட்டுக்குப் போன்னு சொன்னேனே, வீட்டிலே குழந்தை இருக்கான்னு நான் கேட்கவேயில்லையே" என்றார்.

அவர் கொடுத்த சந்தேகத்தைத் தங்கத்தாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யாரிடமிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். படித்தவர் சொல்கிறார், நிரூபணம் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே படுத்தாள், எழுந்தாள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? யாரிடமிருந்து வந்ததோ, அருவியிலிருந்து வரவில்லை. அதுமட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாடத்தி வீட்டுக்கு வந்துவிடுவாள். சொன்னால், 'பின்னே எங்கேயிருந்து வந்தது?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாவூர்சத்திரம் போவதையே நிறுத்தினாள். நாள் போய்க்கொண்டிருந்தது.

ஆடி முழுக்கக் குற்றாலத்தில் வேலை. பேரருவிக்குப் போகும் பாதையோரம் மேஜை போட்டு, கைப்பிள்ளைக்காரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சம்மதித்தவர்களின் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தாயிடமும் சொல்லவேண்டிய புத்திமதியை அவள் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"சளி பிடிச்ச ஆளு பிள்ளையைத் தூக்கக் கூடாதும்மா. குளிப்பாட்டினா மூக்குல வாய வச்சு ஊதக் கூடாது."

செங்கோட்டைக்காரி ஒருத்தி, நல்ல வாயாடி, இடுப்பில் பிள்ளையோடு சிரித்தாள். "ஊதலேன்னா தண்ணி உள்ள நின்னுராதா? எங்க ஆச்சி காலத்துல இருந்து ஊதித்தான் வளத்துருக்கோம். ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்க ஊதமாட்டியளாக்கும்?"

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தங்கத்தாய் ஊசியைப் பிடித்தபடியே அந்தப் பிள்ளையின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஹிரா பீவி சட்டென்று அதை வாங்கிக்கொண்டு, "நீ எந்திரிச்சு முகத்தைக் கழுவிட்டு வா" என்றாள். அவளுக்கும் இதற்குள் விளங்கிவிட்டிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தங்கத்தாய் அருவிக்குப் போகும் படியில் உட்கார்ந்து, ஜனம் தன்பாட்டுக்குப் போவதையும் வருவதையும் பார்த்தாள். அருவியைப் பார்த்தாலே இப்போது அவளுக்கு அவமானமாக இருந்தது. வாயில்லாத தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிறோமே என்று அழுதாள்.

ஆடி கழிய இரண்டு நாள் இருக்கையில் அம்மா சொல்லியனுப்பினாள், உடனே வா என்று. போனாள். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"செங்கோட்டையில ஒரு இடம் வந்திருக்குட்டி. ஆவணி பொறந்ததும் போயிப் பாத்துட்டு வந்துருவோம். நீயும் கூட வரணும். படிச்சவ ஒருத்தி வந்தா நமக்கு ஒரு மதிப்பு."

"எம்மா, பிள்ளைக்கு அருவியால வரலை. என்னாலதான் வந்துது."

அம்மா தலை நிமிரவில்லை. ஒரு வெங்காயம் உரித்துப் போட்டாள், இன்னொன்று எடுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

தங்கத்தாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன தெரியும்?"

"எனக்குக் காது இல்லையா? வந்த அன்னைக்கு ராவெல்லாம் இருமுனே. மறுநாள் பிள்ளை மூக்குல ஊதுனே. நான் வாசல்லதான் நின்னேன். நம்ம தங்கத்துக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன். பிள்ளை செத்தப்புறம் எனக்கு வெளங்கிப்போச்சு."

"வெளங்கிட்டா மாடத்திமேல எப்படிம்மா..."

"பின்னே ஒன்மேல போடச் சொல்லுதியா?" அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "பிள்ளை செத்த வீட்டுல ஒருத்தி தலையில விழத்தான் செய்யும். அவளுக்கு அப்பன் இருக்கான், வீடு இருக்கு. ஒனக்கு யாருட்டி இருக்கா? நாளைக்கு நான் கண்ணை மூடினா இவன் வாசல்லதான் நீ வந்து நிக்கணும். 'என் பிள்ளையைக் கொன்னவ'ன்னு அவன் நெனச்சான்னா நீ எங்க போவே? சனியனை விடு. வாயைத் திறந்தே, பாத்துக்கோ."

பெற்றவள் தன்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்கு இன்னொருத்தி பெற்ற பெண்ணைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.  அம்மாவை ஒரு வார்த்தை திட்டவும் தங்கத்தாய்க்கு வாய் வரவில்லை. அம்மா ஆனியிலிருந்து செய்ததைத்தானே அவளும் ஆடி முழுக்கச் செய்தாள்? செருப்பைக்கூட மாட்டாமல் சந்தைக்கு நடந்தாள்.

சந்தையில் லாரியும் டெம்போவுமாக வழி கிடைக்கவில்லை. சங்கிலிப்பாண்டி தன் டெம்போவிலிருந்து கத்தரிக்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். அக்காள் வெறுங்காலோடு வருவதைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்னக்கா? அம்மைக்கு என்னமும்?"

"அம்மைக்கு ஒண்ணும் இல்லைலே. நான் சொல்லுதத நின்னு கேளு." அவள் சொன்னாள். இருமலைச் சொன்னாள், மூக்கில் ஊதியதைச் சொன்னாள், மஞ்சள் ஏறிய குழியைச் சொன்னாள். சுற்றிலும் ஏலச் சத்தம் காதைப் பிளந்ததால் பாதியை அவள் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. என்னால் என்று ஒருதடவை மெதுவாகச் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. அதையும் கத்திச் சொன்னாள்.

அவன் தன்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பம் அருவி இல்லையாக்கா?"

"இல்லைலே. அருவிக்குப் போகுததுக்கு முன்னாலயே கிருமி உள்ள போயாச்சு."

"நான் அவள அடிச்சேன்க்கா" என்றான். "ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, அம்புட்டுப் பேரும் பாக்க அடிச்சேன். அவ கையில பிள்ளை இருந்துது. செத்த பிள்ளை. அது கீழ விழுந்துராம அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு அடி வாங்குனா."

 எழுந்து வண்டியில் ஏறி, "ஏறு" என்றான். லோடுமேன் பேச்சிமுத்து பின்னாலேயே ஓடிவந்து, "அண்ணாச்சி, பாதிக் கத்தரிக்கா வண்டியிலயே கெடக்கே!" என்று கத்தினான். டெம்போ நிற்கவில்லை.

கீழப்பாவூரில் மாடத்தி அப்பன் வீட்டு முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும். உடம்பு பாதியாகியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், புருஷனைப் பார்த்ததும் எழப்போனாள். அவனுக்குப் பின்னால் தங்கத்தாய் இறங்குவதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க மைனி" என்றாள். அந்த மரியாதை தங்கத்தாயைச் சுட்டது.

தங்கத்தாய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சந்தையில் கத்திச் சொன்னதையெல்லாம் இங்கே தணிந்த குரலில் சொன்னாள். "நீ கேட்டே மாடத்தி. நான் குளிப்பாட்டட்டுமா மைனின்னு கேட்டே. எனக்குத் தெரியாததான்னு நான்தான் சொன்னேன். நீ அருவியில ஒரு தப்பும் செய்யலை. எல்லார் முன்னாலயும் சொல்லுதேன், ஊரைக் கூட்டிக்கூடச் சொல்லுதேன்."

மாடத்தியின் கை இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. நூலைச் சுற்றினாள், முனையை மடித்தாள். முறத்தில் போட்டாள். பிள்ளை மூக்கில் ஊதிய இடம் வந்தபோது மட்டும் கை நின்றது.

"சிரிச்சாளே" என்றாள். "நீங்க ஊதுனதும் சிரிச்சா."

"ஆமா."

"அருவித் தண்ணி பட்டதும் சிரிச்சா. சிரிச்ச பிள்ளையை நானே கொன்னுட்டேன்னு நெனச்சு நெனச்சு..." மாடத்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சங்கிலிப்பாண்டி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.  பிறகு அவள் முந்தானையை எடுத்தாள். குரல் தெளிந்திருந்தது.

"இது ஒங்களுக்கு எப்பம் தெரியும் மைனி?"

தங்கத்தாய் இந்தக் கேள்வியை மட்டும் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல நினைத்தாள். சத்தியமாக ஒரு நொடி நினைத்தாள். நேற்று என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஆடி பொறந்த மறுநாள்" என்றாள்.

மாடத்தி அவளையே பார்த்தாள். "இன்னைக்கு ஆடி முடியப்போகுது."

"ஆமா."

"இந்த ஒரு மாசமும் நான் எங்க அம்மை முகத்தைப் பாக்கலை. கோயிலுக்குப் போகலை. கெணத்தைப் பாத்தா விழுந்துரலாமான்னு இருந்துது. ஒரு நாள் காலை எடுத்துக் கெணத்துச் சுவர்ல வச்சுட்டேன்." அவள் சத்தம் போடவேயில்லை. "பிள்ளைக்கு நீங்க தெரியாம செஞ்சிய. அது அவ விதி, என் விதி. எனக்குத் தெரிஞ்சே செஞ்சியளே மைனி."

  டாக்டர் கொடுத்த சந்தேகம், அம்மா சொன்ன நாளைய கதி, எல்லாம் தங்கத்தாயின் நெஞ்சுக்குள் வந்து நின்றன. ஒன்றுகூடச் சொல்லத் தகுந்ததாய் இல்லை.

மாடத்தி முறத்தை இறக்கி வைத்து, மடியில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். பையின் வாயில் தங்கத்தாய் வாங்கிக்கொடுத்த கிலுகிலுப்பை நீட்டிக்கொண்டிருந்தது. புருஷனைப் பார்த்து, "வாங்க, போவோம்" என்றாள். அவன் அவள் கையிலிருந்து பையை வாங்கப்போனான். அவள் கொடுக்கவில்லை. தானே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். சங்கிலிப்பாண்டி அக்காளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். மாடத்தி கண்ணாடிக்கு வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவுகளுக்குப் பஸ் இருக்கு. ஊருக்குச் சொல்ல வேண்டியதை நாளைக்கு வந்து சொல்லட்டும். சொல்லிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நான் இருக்குத வீட்டுக்கு அவுக வரவேண்டாம்."

"சரி மாடத்தி" என்றாள் தங்கத்தாய். வேறு என்ன சொல்வாள்? பாதிக் கத்தரிக்காய்ச் சுமையோடு டெம்போ ஆடி ஆடிப் போயிற்று.

வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்து தென்காசி பஸ் ஏறினாள். ஜன்னலோரச் சீட்டில் ஒரு கைப்பிள்ளைக்காரி இருந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்ததால் தங்கத்தாய் உட்கார்ந்தாள். பிள்ளை இவளைக் கண்டதும் பொக்கைவாயைத் திறந்து சிரித்து, இரண்டு கையையும் நீட்டித் தாவியது. "போறியா? அத்தைகிட்டப் போறியா?" என்று அந்தத் தாய் சிரித்துக்கொண்டே பிள்ளையை நீட்டினாள்.

இருமல் நின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனாலும் தங்கத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, பஸ்ஸின் கடைசிச் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.